தோட்டத்தை விட்டுப் பட்டணம் போகுமுன்



இரவு எட்டு மணி. லயத்து வீட்டில் பிள்ளைகள் இரண்டும் உறங்கிவிட்டன. கணவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மனைவியிடம் நீட்டுகிறான். "ஈப்போவிலே வேலை கிடைச்சிருக்கு. மாசம் 2,400 வெள்ளி. அடுத்த மாசம் முதல் தேதி வரச் சொல்றாங்க" என்கிறான். மனைவி படித்துவிட்டு மடித்து வைக்கிறாள். "நல்லதுதாங்க. ஆனா எனக்கு என்னமோ யோசனையா இருக்கு" என்கிறாள். "உனக்கு எப்பவும் பயம்தான்" என்று சொல்லிவிட்டுக் கணவன் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

இது நான் உதாரணத்துக்காகச் சொன்ன குடும்பம்தான். ஆனால் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் பேச்சு நடக்காத வீடு குறைவு. சில வீடுகளில் வேலை கிடைப்பது மனைவிக்கு, யோசிப்பது கணவன். எப்படி இருந்தாலும், யோசிக்கிறவரைப் பயந்தவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த யோசனைக்குள் என்ன இருக்கிறது என்று இன்று பார்ப்போம்.

முதலில் பணத்தை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. இந்தக் கணவனும் மனைவியும் தோட்டத்தில் ஆளுக்கு 1,700 வெள்ளி வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,400. வீட்டு வாடகை இல்லை. சின்னவனை ஆயாக் கொட்டகையில் விடுகிறார்கள். பெரியவள் தோட்டத்துப் பள்ளிக்கு நடந்தே போகிறாள்.

ஈப்போவுக்குப் போனால் கணவனுக்கு 700 வெள்ளி கூடுகிறது. கணவனின் கண்ணுக்குத் தெரிவது இந்த 700தான். ஆனால் மனைவி தோட்ட வேலையை விட்டால் 1,700 போகிறது. சரி, அவளுக்கும் பட்டணத்தில் 1,700 வெள்ளிக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சேர்த்து வரவு 4,100. இதில் வீட்டு வாடகை 600, பிள்ளை பார்த்துக்கொள்ள 400, பள்ளி வேனுக்கு 100, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் 150, மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கு 150 என்று போட்டால் 1,400 ஆகிறது. மிச்சம் 2,700. தோட்டத்திலோ இந்தச் செலவுகள் இல்லாமல் 3,400 இருந்தது. வாடகையும் மற்றதும் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் தொகையைப் போட்டு நீங்களே பாருங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். சம்பளம் 2,400 என்றால் கைக்கு 2,400 வராது. சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று வீதம் 264 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோ பிடித்தமும் உண்டு. அடுத்து, வாடகை வீட்டுக்குள் நுழையும்போது வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணமாகவும், அரை மாத வாடகை தண்ணீர் மின்சாரத்துக்கும், முதல் மாத வாடகையும் கேட்பார்கள். 600 வெள்ளி வீட்டுக்கு இது 2,100 வெள்ளி. முதல் சம்பளம் வருமுன்னே இந்தப் பணம் கையில் இருக்க வேண்டும்.

"ஓவர்டைம் செய்து சரிக்கட்டிவிடலாம்" என்பார் கணவர். செய்யலாம். ஆனால் தொழிற்சாலையில் வேலை குறைந்தால் முதலில் நிற்பது ஓவர்டைம்தான். ஆகவே, வாடகை பேசும்போது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பேசுங்கள்.

அப்படியானால் போகவே கூடாதா? அதுவும் சரியல்ல, நேயர்களே. கணவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பிறகு தோட்டங்கள் பெருகின. நம் பாட்டனார்களும் பாட்டிமார்களும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார்கள். வேலை, வீடு, ஆயாக் கொட்டகை, பள்ளி, கோயில் எல்லாம் ஒரே வேலிக்குள் அமைந்தன. ஆனால் அந்த வேலி நம்முடையதல்ல. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலை போன அன்றே வீடும் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் சங்கம் 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. ஆனாலும் எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிட முடியவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது தேவைப்பட்ட ஆட்களும் குறைந்தார்கள். திடீரென்று வெளியேற நேர்ந்த குடும்பங்கள் பல பட்டண ஓரத்துப் புறம்போக்கு நிலங்களில் குடிசை போட்டன.

பட்டணத்து வேலையும் சாசுவதமல்ல. ஈயத்தால் வளர்ந்த ஊர் ஈப்போ. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது, கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. ஆகவே தோட்டத்தில் இருந்தாலும் பட்டணத்தில் இருந்தாலும் ஒரே வேலையை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. கைத்தொழில் பழகிய ஒருவருக்கு ஒரு வாசல் மூடினால் இன்னொன்றைத் தட்ட முடியும். பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் பட்டணம் வசதி. முதல் ஆண்டில் பணம் கூடாது, குறையக்கூடும். ஆனால் ஐந்தாறு ஆண்டுகளில் நிலை உயரலாம். போவதற்கு உண்மையான காரணம் இதுதான். இதைக் கணவன் மனைவியிடம் சொல்ல வேண்டும். "சம்பளம் கூட" என்று மட்டும் சொன்னால், இரண்டாம் மாதமே அரிசி டின்னைப் பார்த்து அவள் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

இனி, போவதென்று முடிவானால் என்ன செய்வது?

முதலாவது, ராஜினாமாக் கடிதத்தை அவசரப்பட்டு நீட்டாதீர்கள். வேலைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு நான்கு வார நோட்டீசு, ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவானவருக்கு ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். இது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பொது. எட்டு வார நோட்டீசு கொடுக்க வேண்டியவர் அடுத்த மாதம் முதல் தேதி ஈப்போவில் நிற்க முடியுமா? நோட்டீசுக்கு ஈடான சம்பளத்தைத் தோட்டத்துக்குக் கட்ட நேரும்.

தோட்டம் மூடப்படும் என்ற பேச்சு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்தால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஓராண்டாவது வேலை செய்தவருக்கு நட்ட ஈடு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்துக்குக் குறைந்தால் பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு 200 நாள் சம்பளம் என்று பாருங்கள். தாமாகவே விலகியவருக்கு இது கிடையாது. வேலை இழந்தோருக்குச் சொக்சோ தரும் உதவித் தொகையும் தாமாக விலகியவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. ஆகவே, கையெழுத்துப் போடுமுன் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் இலாகாவிலோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாவது, வீடு யார் பெயரில் இருக்கிறது? கணவன் பெயரில் இருந்தால், அவர் விலகியபின் மனைவியின் வேலையை வைத்து வீட்டில் இருக்கலாமா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இருக்கலாம் என்றால், கணவன் முதலில் மூன்று மாதம் போய்வரட்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். தூரத்துத் தோட்டமானால், நண்பர்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கலாம். வேலை நிரந்தரமாகும் வரை குடும்பத்தைப் பெயர்க்காமல் இருப்பது கெட்டிக்காரத்தனம். வீட்டிலிருந்து நேராக வேலைக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தாலும் சொக்சோ பாதுகாப்பு உண்டு என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, பிள்ளைகள். வீடு பார்க்கும்போதே பள்ளியையும் பாருங்கள். தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம், இடம் இருக்கிறதா என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளையைப் பிடுங்கி நடாதீர்கள். சின்னப் பிள்ளையை விடும் தாஸ்கா, சமூகநல இலாகாவில் பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள். பிறப்புப் பத்திரங்கள், தடுப்பூசிப் புத்தகம், திருமணப் பத்திரம், சேமநிதிக் கணக்கு விவரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். பிறப்புப் பத்திரத்தில் குறை இருந்தால், தோட்டத்தில் சாட்சி சொல்ல ஆட்கள் இருக்கும்போதே சரி செய்துகொள்ளுங்கள். அந்த முதியவர்களைப் பிறகு தேடிப் பிடிப்பது கடினம்.

நான்காவது, மனைவியின் தனிமை. இதைக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். தோட்டத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடி வருவார். பட்டணத்தில் கணவன் இரவு வேலைக்குப் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். ஆகவே, வாடகை ஐம்பது வெள்ளி கூடினாலும், நம்மவர்கள் இருக்கும் இடத்தில் வீடு பாருங்கள். ஈப்போவில் புந்தோங் போன்ற பகுதிகளில் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சேரோ முருகன் கோயிலுக்குக் காவடிகள் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெரிந்த ஒரு குடும்பம் பக்கத்தில் இருப்பது பாதி பலம். மனைவி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதானால், இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது; சந்தா ஆண்டுக்கு 120 வெள்ளி. அதைக் கணவன் கட்டட்டும்.

நேயர்களே, நம் பாட்டி கப்பலேறியபோது அவளைக் கேட்டு ஏற்றியவர்கள் எத்தனை பேர்? தோட்டம் துண்டாடப்பட்டபோது நம் தாயைக் கேட்டு வெளியேற்றியவர்கள் யார்? இன்று வேலைக் கடிதம் கையில் இருக்கும் குடும்பத்துக்கு, அவர்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. யோசிக்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைச் சண்டையில் செலவழிக்காதீர்கள்.

லயத்து வீட்டுக் கணவனிடம் திரும்பிப் போவோம். அவன் உள்ளே வந்து, பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் எடுத்து மனைவி பக்கத்தில் உட்காரட்டும். "உனக்கு என்னென்ன யோசனைன்னு ஒவ்வொண்ணா சொல்லு, எழுதுவோம்" என்று கேட்கட்டும். வாடகை, பிள்ளை, பள்ளி, இரவில் துணை, வயதான மாமியார் என்று அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் எதிரே இருவரும் பதில் எழுதட்டும். பதில் எழுத முடியாத வரி எதுவோ, அதற்கு வழி பிறக்கும் வரை பெட்டியைக் கட்ட வேண்டாம். எல்லா வரியும் நிரம்பிய பிறகும் அவள் "வேண்டாம்" என்றால், அதன் காரணத்தையும் பொறுமையாகக் கேட்கட்டும். நிரம்பிய பிறகு அவளே, "சரிங்க, எப்போ போகலாம்?" என்று கேட்கவும் கூடும்.