வீடு மாறிய பின் வரும் மின் கட்டணம்

வாஞ்சி மணியாச்சிச் சந்திப்பில் தூத்துக்குடித் தடம் பிரிகிறது. தடம் பிரியும் ஊரில் குடும்பங்களும் இடம் மாறிக்கொண்டுதான் இருக்கும். பிழைப்புக்காகக் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ குடிபெயர்வோர் பாத்திரம் பண்டங்களையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் மறவாமல் எடுத்துச் செல்கிறார்கள். ஆனால், மின் கணக்கை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மின் கணக்கு எடுப்பது வழக்கம். கணக்கெடுத்த முப்பதாம் நாள் நீங்கள் வீட்டைக் காலி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மாதத்தில் நீங்கள் செலவிட்ட மின்சாரம், அடுத்து குடிவந்தவரின் செலவோடு கலந்தே பட்டியலாக வரும். வீட்டுக்காரர் கேட்கும்போது, "நாங்கள்தான் காலி செய்துவிட்டோமே!" என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. அஜ்மீர் மின் வினியோக நிறுவனத்தின் வழக்கொன்றில் 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மின்சாரத்தைப் பயன்படுத்தும்போதே பொறுப்பு உண்டாகிவிடுகிறது. பணம் கட்ட வேண்டிய கடமை பட்டியல் வந்த பிறகு தொடங்குகிறது. 2009 முதல் 2011 வரையிலான கணக்கில் நேர்ந்த தவறுக்காக 2014இல் கூடுதல் தொகை கேட்கப்பட்ட வழக்கு அது. தவறு கண்டுபிடிக்கப்பட்டால் தாமதமாகவும் தொகையைக் கேட்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் குறிக்கும் இரண்டாண்டுக் கெடு கடந்தபின் அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்பது தீர்ப்பு.

மின் அலுவலகத்திற்குத் தெரிந்தது இணைப்பு எண் ஒன்றே. குடியிருந்தவர் கட்டாவிட்டால் சுமை வீட்டுக்காரர் மீதோ புதிதாக வந்தவர் மீதோ விழுகிறது. பிறர் ஹக்கை நாம் வைத்துக்கொள்வது எப்படித் தகும்?

வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு. தமிழகத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்திற்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். "பட்டியல் வரட்டும்" என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பது முறையன்று. குடியிருக்கும்போது பாக்கியைக் காரணம் காட்டி மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதையும் அச்சட்டம் அனுமதிக்கவில்லை.

இந்தத் தகராறைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. சாவியை ஒப்படைக்கும் நாளில் இருவரும் சேர்ந்து மீட்டரைப் பாருங்கள். எண்ணையும் தேதியையும் இரண்டு தாள்களில் எழுதி, கையெழுத்திட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வந்ததும் யூனிட் கணக்கில் பங்கிடுங்கள். முன்னவர் 150 யூனிட்டும் பின்னவர் 250 யூனிட்டும் செலவிட்டிருந்தால், தொகை எவ்வளவாயினும் எட்டில் மூன்று பங்கு முன்னவருடையது. எஞ்சிய ஐந்து பங்கு பின்னவருடையது. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறுவதால், இப்படிப் பிரிப்பதே இருவருக்கும் நியாயம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவருக்கு, அபூ கதாதா (ரலி) அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே நபி (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள் என்பது ஹதீஸ்.

நூறோ இருநூறோ தானே என்று எண்ணாதீர்கள். ஊர் மாறிவிட்டீர்கள்; கடன் மாறவில்லை. பழைய வீட்டுக்காரரை இன்றே அழைத்து, "எங்கள் பங்கு எவ்வளவு?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.