இருமொழிச் சான்றுடைய ஆய்வுக் கட்டுரையும் கணினி அச்சுக்கோப்பும்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ள கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்குகின்றன. இப்பகுதிப் பேச்சு வழக்கை ஆராயும் கட்டுரை இரு மொழி எழுத்துகளிலும் சான்று காட்ட வேண்டியதாகிறது. சொல்லிறுதிக் குற்றியலுகரத்தை மலையாளம் சந்திரக்கலையால் குறிக்கும். கட்டுரையை இதழுக்கு அனுப்புகையில் அக்குறி உதிருமாயின் மலையாள ‘வீடு’ என்பது ‘வீட’ என்றாகும், சான்றே பிழைபடும்.

பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் பிற எழுத்துகளுக்குரிய இடங்களில் அமைக்கப்பட்டிருந்தன. எழுத்துரு மாறின் பொருளற்ற குறிகளே எஞ்சும். 1991இல் வெளிவந்த ஒருங்குறி இரு மொழிகளுக்கும் தனித்தனியே 128 இடங்களை ஒதுக்கியது. எனவே கட்டுரை முழுவதையும் முதற்கண் ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும்.

அடுத்து, ஒருங்குறியை ஏற்கும் ஸீடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில், லாடெக் கட்டளைகளைக் கொண்டு தலைப்பு, எடுத்துக்காட்டு, மலையாளச் சொல் ஆகியவற்றை இன்னவை எனக் குறித்தல் நன்று. அவற்றின் தோற்றத்தை இதழின் வடிவக் கோப்பு அமைத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டு எண்களை மென்பொருளே இடுவதால், இடையில் ஒன்றைச் சேர்ப்பினும் அவற்றைச் சுட்டும் எண்கள் பிறழா.

மூலக் கோப்புடன் எழுத்துருக்கள் உட்பொதிந்த பிடிஎஃப் படியையும் அனுப்புதல் இன்றியமையாதது. ஐயம் எழுமிடத்துப் பதிப்பாசிரியர் ஒப்பிட்டுக் காண அதுவே துணையாகும்.