காற்றை எதிர்நோக்கி நிற்கும் பறவைகள்
கோடியக்கரையில் ஒரு மழைநாள்

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி வாழ்பவர்களுக்கு மார்கழி என்பது காற்றின் மாதம். கொல்லங்கோட்டு வயல் வரப்புகளில் பனையோலைகள் இரவெல்லாம் சலசலக்கும். இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையில் உள்ள இராமக்கல்மேட்டில் நின்றால், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வரும் காற்று ஆளையே பின்னுக்குத் தள்ளும். மலைத்தொடரின் இடைவெளியில் புகுந்து மேற்கே பாயும் இந்தக் காற்று வடகிழக்கிலிருந்து, வங்கக் கடலைக் கடந்து வருவது. அது தமிழக மண்ணில் முதலில் கால் பதிக்கும் இடங்களுள் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையே எங்களைக் கோடியக்கரைக்கு அழைத்துச் சென்றது. பருவகாலம் என்பதால் பறவைகளையும் காணலாம் என்பது கூடுதல் காரணம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடற்கரை திடீரென மேற்கு நோக்கித் திரும்பும் முனையில் அமைந்துள்ளது கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை. வெளிமான்களைக் காக்கும் பொருட்டு 1967ஆம் ஆண்டு இப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு, உலகின் முக்கிய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இது இடம்பெற்றது. தமிழகத்திலிருந்து அப்பட்டியலில் சேர்ந்த முதல் ஈரநிலம் இதுவே.

நாங்கள் சென்று இறங்கிய நாளில் வானிலை சாதகமாக இல்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருந்ததால், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாமென முந்தைய நாளே எச்சரித்திருந்தார்கள். படகுகள் மணலில் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தன. அகத்தியம்பள்ளி உப்பளங்களின் பாத்திகள் மழைநீர் நிரம்பி, வரப்புகளே தெரியாமல் ஒரே ஏரியாகக் காட்சியளித்தன. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய மண் இது. மழைக்காலத்தில் இங்கே உப்புக்கு வேலையில்லை; பாத்திகள் பறவைகளின் வசம் சென்றுவிடுகின்றன.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர். சதுப்பில் இறால் பிடித்தே வாழ்நாளைக் கழித்தவர். வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழை விட்டு விட்டுத்தான் வரும். காத்து மட்டும் நிக்காது. போவோம் தம்பி" என்றார்.

சதுப்பின் கிழக்கு ஓரத்தை அடைந்தபோது கண்ட காட்சி எதிர்பாராதது. முந்தைய இரவு பெய்த மழையில் எங்கும் வெள்ளமாக இருக்கும் என்று எண்ணியிருந்தோம். மாறாக, எங்களுக்கு முன்னே நீண்ட சேற்றுப் பட்டை ஒன்று வெளிப்பட்டுக் கிடந்தது. அதற்கு அப்பால், மேற்கே, நீர் சிற்றலைகளுடன் திரண்டு நின்றது.

இதன் காரணத்தைப் பெரியவர் எளிமையாக விளக்கினார். பாக் நீரிணைப் பகுதியில் கடல் ஏற்ற இறக்கத்தின் அளவு குறைவு. ஆழமற்ற இந்தச் சதுப்பில் நீர் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காற்றே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வடகிழக்குக் காற்று வலுத்தால் நீர் மேற்கே ஒதுங்கும். கிழக்கு ஓரம் வெளிப்படும். காற்று தணிந்தால் நீர் மீண்டும் பரவும். தட்டில் ஊற்றிய நீரை ஊதினால் ஒரு பக்கம் ஒதுங்குவதைப் போன்றதுதான் இது.

அந்தச் சேற்றுப் பட்டையில்தான் சிறு பறவைகள் அனைத்தும் கூடியிருந்தன. கொசு உள்ளான்கள், உப்புக்கொத்திகள், பவளக்காலிகள் என வகை வகையாக நின்றன. சற்றுத் தொலைவில், நீர் முழங்கால் அளவு இருந்த இடத்தில், பூநாரைகள் வரிசையாக நின்று தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடிகட்டிக்கொண்டிருந்தன. மழைத்திரைக்குப் பின்னே அவை வெளிறிய இளஞ்சிவப்புக் கோடு போலத் தோன்றின.

ஈரநிலத்தில் ஒவ்வொரு பறவைக்கும் அதனதன் கால் நீளத்துக்கு ஏற்ற ஆழம் உண்டு. பூநாரை தன் நெடிய கால்களால் ஆழமான நீரிலும் இரை தேட முடியும். கொசு உள்ளானுக்கு ஓரிரு விரற்கடை நீரும் ஈரச் சேறும் மட்டுமே உதவும். ஆகவே மழையால் நீர்மட்டம் உயரும்போது முதலில் இடம் இழப்பவை சிறு பறவைகளே. அன்றைய தினம் காற்று ஒதுக்கிக் கொடுத்த சேற்றுப் பட்டை ஒன்றுதான் அவற்றுக்கு எஞ்சியிருந்த உணவுக் களம்.

பறவைகளின் நிலையும் கவனிக்கத்தக்கதாக இருந்தது. ஏறத்தாழ எல்லாப் பறவைகளும் காற்று வரும் திசையையே நோக்கி நின்றன. முதுகைக் காட்டினால் காற்று இறகுகளுக்குள் புகுந்து அவற்றைக் கலைத்துவிடும். உடல் வெப்பம் வெளியேறும். எதிர்முகமாக நின்றால் இறகுகள் உடலோடு படிந்து கிடக்கும். பலத்த காற்று வீசிய கணங்களில் சிறு பறவைகள் மணல் திட்டுகளின் மறைவில் பதுங்கின. அது தணிந்தவுடன் ஓடி வந்து மீண்டும் சேற்றைக் கொத்தத் தொடங்கின. ஒரு நிமிடத்தைக்கூட அவை வீணாக்கவில்லை.

அந்த அவசரத்துக்குத் தக்க காரணம் உண்டு. கொசு உள்ளானின் எடை 20 முதல் 30 கிராம்தான். வடதுருவத்தை ஒட்டிய சமவெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் கரைகளுக்கு வருகிறது. பயணத்துக்கான முதலீடு அதன் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு. நெடும்பயணத்துக்கு முன் சில கரைப்பறவைகள் தம் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொள்வதும் உண்டு. புயல்நாளில் வரவு குறைகிறது. குளிரைத் தாங்குவதற்கான செலவோ கூடுகிறது. சேமித்த கொழுப்பு தீர்ந்தால் உடல் தன் தசையையே கரைத்துச் செலவிடத் தொடங்கும். அந்நிலையில் பறக்கும் வலுவும் குறைந்துவிடும்.

இவற்றை அப்போது நான் முழுமையாக எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் ஒளிப்படக் கருவி இருந்தது. மழை சற்றே ஓய்ந்திருந்தது. இன்னும் சிறிது நெருங்கினால் நல்ல படம் கிடைக்கும் என்று சேற்றில் இரண்டடி எடுத்து வைத்தேன். பெரியவர் என் கையைப் பற்றினார்.

"அங்கேயே நில்லுங்க தம்பி. இன்னும் பத்தடி போனா அத்தனையும் எழும்பிடும். இந்தக் காத்துல எழும்பினா எங்க போயி உக்காரும்? அந்தச் சேறுதான் இன்னிக்கு அதுங்களுக்குச் சோறு."

நான் பின்வாங்கினேன். மற்ற நாட்களில் ஒரு கூட்டம் எழுந்து பறந்து சற்றுத் தள்ளி அமர்ந்தால் பெரிய இழப்பில்லை. மாற்று இடமே இல்லாத நாளில், நம் ஆவலுக்காகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் பறவையின் சேமிப்பிலிருந்தே செலவாகிறது. பறவை நோக்குவோர் இடைவெளி காக்க வேண்டும் என்ற விதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

சிறிது நேரம் சாலையோரத்தில் ஒதுங்கி நின்றோம். பேச்சு இயல்பாகவே கஜா புயலை நோக்கித் திரும்பியது. 2018 நவம்பர் 16ஆம் நாள் பொழுது விடியும் முன்னரே, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அப்புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்றில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கோடியக்காட்டின் மரங்கள் முறிந்தன. மான்கள் பல மடிந்தன. பெரியவர் அந்த இரவைப் பற்றி அதிகம் பேசவில்லை. "மரம் திரும்ப முளைக்குது. தண்ணி வந்தா பறவையும் வருது" என்று மட்டும் சொன்னார்.

அதே கஜா, தமிழகத்தைக் குறுக்கே கடந்து, வலுவிழந்து, மேற்கு மலைகளைத் தாண்டிக் கேரளத்தின் வழியாக அரபிக் கடலை அடைந்தது. வங்கக் கடலின் புயல் மலைநாட்டு மக்களுக்கும் அயலானது அன்று. கடும் புயல்களில் சிக்கும் கடற்பறவைகள் சில நேரங்களில் கடலிலிருந்து வெகு தொலைவில், வயல்களிலும் தோட்டங்களிலும் சோர்ந்து விழுவதுண்டு. நம் ஊரில் அப்படி ஒரு பறவையைக் கண்டால், காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில், இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்து வனத்துறைக்குத் தெரிவிப்பதே சிறந்த உதவி. வலுக்கட்டாயமாக வாயில் நீர் ஊற்றுவதும் உணவு திணிப்பதும் கேடு விளைவிக்கும்.

கோடியக்கரைக்குச் செல்ல விரும்புவோர்க்கு நவம்பர் முதல் ஜனவரி வரையிலான காலம் ஏற்றது. வேதாரண்யத்திலிருந்து சாலை வசதி உண்டு. சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். இருகண் நோக்கியும் மழையாடையும் அவசியம். புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு ஆய்வு செய்துவருகின்றனர். காலில் வளையம் பூண்ட பறவையைக் கண்டால், இருந்த இடத்திலிருந்தே வளையத்தின் நிறத்தையும் எழுத்துகளையும் குறித்துக்கொண்டு தெரிவிப்பது அவ்வாய்வுக்குத் துணைபுரியும்.

மாலையில் காற்று சற்றுத் தணிந்தது. மேற்கே ஒதுங்கியிருந்த நீர் மெல்லத் திரும்பி வரத் தொடங்கியது. சேற்றுப் பட்டை கண்முன்னே குறுகிக்கொண்டிருந்தது. உள்ளான்கள் நீரின் விளிம்போடு பின்வாங்கியபடியே கொத்திக்கொண்டிருந்தன. பூநாரைகள் நின்ற இடத்திலேயே நின்றன. பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். நாங்கள் திரும்பி நடந்தோம். எங்கள் பின்னால் ஒரு பறவையும் எழவில்லை.