அடியை நிறுத்தப் பழகும் கை

கல்முனை, நிந்தவூர், ஒலுவில் பக்கம் சின்னப் பிள்ளையைக் குங்பூவுக்கு விடலாமா என்று யோசிக்கும் உம்மா வாப்பாமார் மாஸ்டரிடம் கேட்க வேண்டியது, எத்தனை மாதத்தில் பெல்ட் கிடைக்கும் என்பதை அல்ல. அடிக்கப் பழக்குமுன் அடியை நிறுத்தப் பழக்குவாரா என்பதைத்தான். குதிரை நிலை என்று ஒன்று உண்டு. காலை அகட்டி, முழங்காலை மடித்து, குதிரையில் ஏறியவன்போல் அசையாமல் நிற்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பத்து எண்ணுவதற்குள் தொடை நடுங்கும், கண் வாசலைத் தேடும். அந்த நடுக்கத்தோடு இன்னும் ஐந்து எண்ணும்வரை நின்றுவிட்டால் அன்றைய பாடம் கிடைத்துவிட்டது. உதை பிறகு வரட்டும்.

2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பாடசாலையிலேயே மூன்று மாதம் டைக்குவாண்டோ என்ற இன்னொரு தற்காப்புக் கலையைப் பழகிய சிறுவர்கள், வழமையான உடற்பயிற்சிப் பாடத்தில் இருந்தவர்களைவிடத் தம்மை அடக்கிக்கொள்வதில் முன்னேறினார்கள். மனக்கணக்கிலும்தான். புலமைப்பரிசில் ரியூஷன் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 1986இன் இன்னோர் ஆய்வு வேறொன்றையும் காட்டியது. குற்றச்செயல்களில் சிக்கிய 13 முதல் 17 வயதுப் பையன்களில், தற்காப்புக் கலையை மரியாதையும் தியானமும் சேர்த்துப் பழகியவர்களின் மூர்க்கம் தணிந்தது. சண்டை நுட்பத்தை மட்டும் பழகியவர்களின் மூர்க்கம் கூடியது. பிள்ளை அடிதடிக்குப் போய்விடும் என்ற பயம் வீண்பயம் அல்ல. அந்தப் பயத்தைக் கலையின்மேல் வைக்காமல் பழக்கும் முறையின்மேல் வைக்க வேண்டும்.

மாஸ்டருக்குக் குனிவதா என்ற தயக்கம் நமது ஊர்களில் உண்டு, நியாயமான தயக்கம். குங்பூவின் மரியாதை, ஒரு கை முட்டியை மறு உள்ளங்கையில் வைப்பது. அதைக் குனியாமலே செய்யலாம், ஸலாம் சொல்லியும் வகுப்பைத் தொடங்கலாம். இந்தக் கலை முஸ்லிம்களுக்கு அந்நியமும் அல்ல. சீனத்து ஹுய் முஸ்லிம்கள் சா சுவான் என்ற குங்பூ முறையைத் தலைமுறைகளாகப் பேணி வந்தவர்கள். அதில் பேரெடுத்த வாங் சிபிங் (1881–1973) அவர்களில் ஒருவர். நம்மிடமோ பெயரிலேயே சீனத்தைத் தாங்கிய சீனடி என்ற தற்காப்புக் கலை, சிலம்படியோடு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கற்ற மூத்தவர்களை வகுப்புக்கு அழைக்காமல் விடுவது பெரிய இழப்பு.

குழந்தை மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பு 2016இல் சொன்னதும் இங்கே முக்கியம்: தலையில் அடிபடும் பயிற்சி வேண்டாம், மோதும் போட்டி பக்குவம் வந்தபின் போதும். ஆகவே விழப் பழகுவதே முதல் வருடப் பாடமாக இருக்கட்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, தோளால் உருண்டு, கையை விரித்துத் தரையில் தட்ட வேண்டும்.  அதற்கு நம் கடற்கரை மணலுக்கு எந்தச் சிமெந்துத் தரையும் ஈடாகாது.