ஆவடிக்கும் கோவைக்கும் எவ்வளவு தூரம்?

மீனம்பாக்கத்தில் ஆகாய விமானம் ஏறுகிறவர் ஒன்றேகால் மணி நேரத்தில் கோயம்புத்தூரில் இறங்கிவிடலாம் என்று விமானக் கம்பெனிகளின் கால அட்டவணை கூறுகிறது. ஆகாய மார்க்கமாக இவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள தூரம் சுமார் 400 கிலோமீட்டர். அதாவது 250 மைல். ரெயில் பாதையோ 500 கிலோமீட்டருக்குச் சிறிது குறைவு. கணக்கு மெய்தான். ஆயினும் அது விமானத்தின் கணக்கேயன்றிப் பிரயாணியின் கணக்கு அன்று. பிரயாணியின் காலம் அவர் வீட்டு வாயிற்படியிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ வசிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நெரிசல் மிகுந்த சாலைகளைக் கடந்து மீனம்பாக்கம் சேர அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டுமென்பது கம்பெனிகளின் அறிவுரை. பீளமேட்டில் இறங்கி ஊருக்குள் செல்ல அரைமணி. ஆகக் கூடி ஐந்து மணி நேரம்! ஆகாயத்தில் கழிவது இதில் நாலில் ஒரு பங்கே. பூந்தமல்லிவாசிக்கு விமான நிலையம் சற்று அருகில் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவே.

நிற்க, ரெயிலின் நிலைமையைக் கவனிப்போம். 2023 ஏப்ரல் 8-ந் தேதி தொடங்கப்பெற்ற வந்தே பாரத் வண்டி, சென்னை சென்ட்ரலுக்கும் கோவைக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரத்தில் ஓடுகிறது. அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்தே அது செல்கிறது. ஆனால் அங்கே நிற்பதில்லை. ஆகவே ஆவடிவாசி 20 கிலோமீட்டர் கிழக்கே சென்று, சென்ட்ரலில் வண்டியேறி, தம் ஊரையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு மேற்கே போக வேண்டியிருக்கிறது. இதனால் ஏழு மணி நேரத்துக்கு மேல் செலவாகிறது. ஆவடியிலேயே ஏற முடியுமானால் ஐந்தரை மணி போதும். விமானத்துக்கும் ரெயிலுக்கும் உள்ள பேதம் ஏறக்குறைய மறைந்துவிடும்.

இது புதிய பாதையுமன்று. 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குச் சென்ற தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரெயில் ஓடிய பாதையே இது. வந்தே பாரத் பெட்டிகளைச் செய்யும் பெரம்பூர்த் தொழிற்சாலையும் இத்திசையிலேதான் இருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றின் சிறப்பை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கோவையோ ஆலைகளுக்கும் பம்புகளுக்கும் பெயர் பெற்ற நகரம். இவ்விரு தொழிற் பிரதேசங்களுக்கும் இடையே போக்குவரத்து எளிதாவது நாட்டின் உற்பத்திக்கே நன்மையாகும்.

ஊருக்கு ஊர் நிறுத்தினால் விரைவு வண்டி விரைவு வண்டியாயிராது என்று ஆட்சேபிப்பவர் உண்டு. அதில் நியாயமில்லாமலில்லை. ஊருக்கு ஊர் நிறுத்துமாறு நாம் கேட்கவில்லை. தென்திசை செல்லும் விரைவு வண்டிகள் பல தாம்பரத்தில் நிற்கின்றனவே. அதனால் அவற்றின் பெருமை குன்றிவிட்டதா? மேற்குப் புறநகர் முழுமைக்கும் ஒரே ஒரு நிறுத்தம். அதற்கு ஆகும் காலம் சில நிமிஷங்கள். அச்சில நிமிஷங்களால் பிரயாணி ஒவ்வொருவருக்கும் மிஞ்சுவது ஒரு மணி நேரத்துக்கு மேல்.

வேகம் யந்திரத்தின் பெருமைக்காக அன்று, ஜனங்களின் சௌகரியத்துக்காகவே. ரெயில்வே அதிகாரிகள் இதனை உணர்ந்து ஆவன செய்வார்களாக.