மனநல உதவியை எப்போது நாடுவது?

மனவருத்தம் எல்லாமே நோயல்ல. தேர்வில் தோற்ற மாணவர் ஒரு வாரம் முடங்கிக் கிடப்பதும், துணையை இழந்தவர் மாதக்கணக்கில் அழுவதும் இயல்பு. அதனால் உளவியலாளர்கள் துக்கத்தின் ஆழத்தைவிட, அது எத்தனை நாள் நீடிக்கிறது, அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்குகிறது என்பதையே முதலில் கேட்கிறார்கள். மனச்சோர்வு நோய்க்கு மருத்துவம் வகுத்த குறைந்தபட்சக் கால அளவு இரண்டு வாரம். அத்தனை நாளும் சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ விலகாமல், தூக்கம், பசி, கவனம் ஆகியவையும் குலைந்திருந்தால் இனியும் காத்திருக்கக் கூடாது.

நம் வீடுகளில் மனத்தின் தவிப்பு பல நேரம் உடலில்தான் தெரிகிறது. தீராத தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்று எரிச்சல் என்று டாக்டர் மாற்றி டாக்டர் பார்ப்பார்கள். ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் 'நார்மல்' என்று வரும். அந்த வலி நடிப்பல்ல. பரிசோதனைகளில் காரணம் அகப்படாதபோது மனத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு: தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை ஆகியவை மனச்சோர்வு போலவே தோன்றும். ரத்தப் பரிசோதனையை முதலில் முடித்துவிடுவது நல்லது.

குழந்தைகளுக்குத் தங்கள் தவிப்பைச் சொல்லத் தெரியாது. பள்ளி நாள் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது, திடீர் மூர்க்கம் ஆகியவை அவர்களின் மொழி.

மிக அதிகம் தவறவிடப்படுவது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. குழந்தை பிறந்த முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது சகஜம். சுமார் இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். தணியாமல், குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, தான் நல்ல தாயில்லை என்ற எண்ணம் வளர்ந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. "எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதான்" என்று பெரியவர்கள் அன்போடு சொல்லும் ஆறுதல், அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய உதவியைத் தள்ளிப்போட்டுவிடுகிறது.

யாரிடம் போவது? உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு பெற்றவர், மருந்து எழுதுபவர். காதில் குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம், நாள்கணக்கில் தூங்காமலே உற்சாகம் பொங்குவது என்றால் நேராக மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்தி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து தற்கொலை முயற்சியை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் பொறுப்பை அரசின்மீது சுமத்துகிறது.