நெஞ்சுக்குள்ளே ஒரு நெரிசல் அறை!

குட்டீஸ், "உன் இதயம் எங்கே?" என்று யாராவது கேட்டால் கையை எங்கே வைப்பீர்கள்? இடது மார்பில்தானே? அதுதான் இல்லை! இதயம் இருப்பது நெஞ்சின் நடுவில். அதன் கூர்முனை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. துடிப்பு அங்கே நன்றாகத் தெரிவதால் நாம் ஏமாந்து போகிறோம்.

இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, முன்னால் மார்பெலும்பு, பின்னால் முதுகெலும்பு, கீழே உதரவிதானம் என்று அடைபட்ட ஓர் இடம் உண்டு. டாக்டர்கள் இதை 'மீடியாஸ்டைனம்' என்கிறார்கள். காலை நேரத்து டவுன் பஸ் மாதிரி அங்கே அத்தனை நெரிசல்! இதயம், அதிலிருந்து வளைந்து கிளம்பும் பெருந்தமனி, ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் பெருஞ்சிரைகள், மூச்சுக்குழல், உணவுக்குழல், நரம்புகள் எல்லாம் இதற்குள்தான்.

மூச்சுக்குழல் முன்னால், உணவுக்குழல் அதை ஒட்டிப் பின்னால். மூச்சுக்குழலில் இருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டம் அல்ல. குதிரை லாடம் போலப் பின்பக்கம் திறந்திருக்கும். பின்னால் இட்லித் துண்டு இறங்கும்போது உணவுக்குழல் கொஞ்சம் உப்பிக்கொள்ள இடம் வேண்டாமா?

இந்த நெருக்கத்தில் ஆபத்தும் உண்டு. பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரியைச் சின்னக் குழந்தைகள் விழுங்கிவிடுவதுண்டு. அது உணவுக்குழலில் சிக்கிக்கொண்டால், இரண்டே மணி நேரத்தில் சுவரை அரித்துவிடும். அப்படியே விட்டால் ஓட்டை விழுந்து, மூச்சுக்குழலையோ பெருந்தமனியையோ எட்டிவிடும். தம்பியோ தங்கையோ விழுங்கியது தெரிந்தால், திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள். உடனே அம்மா, அப்பாவிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே 'தைமஸ்' என்று ஒரு சுரப்பி இருக்கிறது. இது உங்களிடம் பெரிதாக இருக்கும். தாத்தாவிடம் பெரும்பாலும் கொழுப்பாகச் சுருங்கியிருக்கும்! இதை அறியாமல் மருத்துவ உலகமே ஒரு காலத்தில் தவறு செய்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தூக்கத்தில் திடீரென்று இறந்த கைக்குழந்தைகளைப் பரிசோதித்த டாக்டர்கள், 'தைமஸ் வீங்கி மூச்சை அடைத்துவிட்டது' என்று நினைத்தார்கள். உண்மையில் அது சரியான அளவுதான். அவர்கள் பாடம் படித்த உடல்கள் பெரும்பாலும் நோயிலும் பசியிலும் வாடி இறந்த ஏழைகளுடையவை. நோய் வந்தால் தைமஸ் சுருங்கிவிடும். அதனால் சின்ன தைமஸ்தான் சரியானது என்று அவர்களுக்குப் பதிந்துவிட்டது. விளைவு? நன்றாக இருந்த குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சி தைமஸைச் சுருக்கினார்கள். கழுத்திலுள்ள தைராய்டிலும் அந்தக் கதிர்கள் பட்டன. அவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. 1950இல் அமெரிக்க டாக்டர்கள் இருவர் இந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டினார்கள்.

தைமஸ் எதற்குத்தான் இருக்கிறது? 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்தவுடன் சுண்டெலிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவற்றால் கிருமிகளை எதிர்க்க முடியவில்லை. நோயோடு போராடும் ஒரு வகை வெள்ளை அணுக்களுக்கு இதுதான் பயிற்சிக்கூடம் என்பது பிறகு புரிந்தது. தைமஸில் வளர்வதால்தான் அவற்றுக்கு 'டி செல்கள்' என்று பெயர்.

இந்த அறையில் ஒரு வேடிக்கையான நரம்பும் உண்டு. மூளையிலிருந்து குரல்வளை எவ்வளவு தூரம்? ஒரு சாண் இருக்குமா? ஆனால் இடப்பக்க நரம்பு நேராகப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறித்தான் குரல்வளையைத் தொடுகிறது. வாரக்கணக்கில் குரல் கம்மியிருந்தால் சில சமயம் டாக்டர் நெஞ்சையும் படமெடுத்துப் பார்ப்பது இதனால்தான். ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே வழிதான். பாவம், அவ்வளவு நீளக் கழுத்தில் அந்த நரம்பு இறங்கி ஏற, பல மீட்டர் பயணம்!